வெற்று பைட்டுகளுக்கும் வேலை உண்டு

அகலம் 256, உயரம் 256 என்று புள்ளிகள் கொண்ட ஒரு சின்னப் படத்தை 24 பிட் வண்ணத்தில் பிஎம்பி கோப்பாகச் சேமித்தால் அதன் அளவு 1,96,662 பைட். புள்ளிகளுக்கு 1,96,608 பைட் போக, முன்னால் நிற்கும் இரண்டு தலைப்புப் பகுதிகளுக்கு 54. முதல் தலைப்பு வெறும் 14 பைட்தான். ‘பி’, ‘எம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். நான்கு பைட்டில் கோப்பின் அளவு. பயனில்லாமல் ஒதுக்கி வைத்த இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட். கடைசியாக, புள்ளிகள் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்று சொல்லும் நான்கு பைட் எண். சி மொழி படித்த எவரும் இதை அப்படியே ஒரு ஸ்ட்ரக்சராக எழுதிவிடலாம். எழுதி, கோப்பைத் திறந்து, ‘சைஸ்ஆஃப்’ தரும் அளவுக்கு ஒரே மூச்சில் படித்து அச்சிட்டால், கோப்பின் அளவு 3 என்று வருகிறது. புள்ளிகள் தொடங்கும் இடம் 26,21,440 என்று வருகிறது. கோப்போ இரண்டு லட்சம் பைட்டைக்கூடத் தொடவில்லை.

இந்த இரண்டு எண்களும் ஏதோ குப்பை என்று தள்ளிவிடக் கூடாது. இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. 1,96,662 என்பது 65,536-ஐ மூன்றால் பெருக்கி 54 கூட்டியது. பிஎம்பி கோப்பில் எண்ணின் சிறிய பகுதி முதலில் வரும்; ஆகவே கோப்பில் அது 54, 0, 3, 0 என்ற நான்கு பைட்டுகளாகக் கிடக்கிறது. கம்பைலரோ, இரண்டு எழுத்துகளுக்கும் கோப்பின் அளவுக்கும் நடுவே தானாக இரண்டு பைட் வெற்றிடம் விட்டிருக்கிறது. கோப்பிலிருந்து வந்த 54-ம் 0-ம் அந்த வெற்றிடத்தில் விழுந்துவிட்டன. மிஞ்சிய 3, 0 இரண்டோடு, அடுத்திருந்த பயனற்ற 0, 0 சேர்ந்துகொண்டு ‘கோப்பின் அளவு’ ஆகிவிட்டன. விடை 3. அடுத்த எண்ணும் இதே வழியில்தான் கெட்டது. அதன் மூன்றாவது பைட்டில், இரண்டாம் தலைப்பின் முதல் பைட்டான 40 வந்து உட்கார்ந்துகொண்டது. 40-ஐ 65,536-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 26,21,440.

கம்பைலர் இதில் தவறேதும் செய்யவில்லை. ஸ்ட்ரக்சரின் அளவு 14 இல்லை, 16 என்று சைஸ்ஆஃப் உண்மையைத்தான் சொன்னது. கேட்காமலேயே அது ஏன் இரண்டு பைட்டைச் செருகியது என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது அதன் போக்கில் விடவேண்டும், எப்போது தடுக்கவேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

நிரல் எழுதுபவருக்கு நினைவகம் ஒவ்வொரு பைட்டாக எண்ணிடப்பட்ட நீண்ட வரிசை. ப்ராசஸருக்கு அப்படி இல்லை. அது நினைவகத்தைக் கட்டுக்கட்டாகத்தான் எடுக்கிறது. எட்டு பைட் அகலக் கட்டு என்று வைத்துக்கொண்டால் முகவரி 0 முதல் 7 வரை ஒன்று, 8 முதல் 15 வரை அடுத்தது. நான்கு பைட் முழு எண் 4-ஆம் முகவரியில் இருந்தால் ஒரே எடுப்பில் கைக்கு வந்துவிடும். அதே எண் 6-இல் தொடங்கினால் இரண்டு பைட் முதல் கட்டிலும் இரண்டு பைட் அடுத்த கட்டிலும் மாட்டிக்கொள்கின்றன. இரண்டு முறை எடுத்து, நகர்த்தி, ஒட்டவேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் அந்த எளிய விதி: இரண்டு பைட் எண் இரட்டைப்படை முகவரியில், நான்கு பைட் எண் நான்கின் மடங்கில், எட்டு பைட் எண் எட்டின் மடங்கில். இதுதான் அலைன்மென்ட். விதியைக் காப்பாற்ற நடுவில் விடும் இடம்தான் பேடிங்.

ஒரு சார், ஒரு இன்ட், மறுபடி ஒரு சார் என்று எழுதிய ஸ்ட்ரக்சரைப் பாருங்கள். சரக்கு மொத்தம் ஆறு பைட். இன்று பரவலாக உள்ள கணினிகளில் சைஸ்ஆஃப் தரும் விடை 12. முதல் சாருக்குப் பின்னால் மூன்று பைட் காலி என்பது எளிதில் புரியும். கடைசிச் சாருக்குப் பின்னாலும் மூன்று பைட் ஏன்? இதே ஸ்ட்ரக்சர் ஓர் அரேயில் வரிசையாக அடுக்கப்படும்போது இரண்டாவதன் இன்ட்டும் நான்கின் மடங்கில் நிற்கவேண்டும், மூன்றாவதன் இன்ட்டும் நிற்கவேண்டும். அதற்கு ஒவ்வொரு ஸ்ட்ரக்சரின் நீளமே நான்கின் மடங்காக இருந்தாகவேண்டும். வளாக நேர்காணல்களில் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். 12 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இன்ட்டை முதலில் வைத்து இரண்டு சார்களையும் அதன் பின்னால் சேர்த்து எழுதினால் 8 பைட்டிலேயே முடிந்துவிடும் என்பதுதான் கேள்வியின் பயனுள்ள பாதி. பத்து லட்சம் உருப்படிகள் கொண்ட அரேயில் இது ஒரு கோடியே இருபது லட்சம் பைட்டை எண்பது லட்சமாகக் குறைக்கும். கம்பைலருக்கு எந்தச் சிறப்புக் கட்டளையும் தரவேண்டியதில்லை.

கம்பைலரே ஏன் மாற்றி அடுக்கிக்கொள்ளக் கூடாது? சி தரநிலை அதை அனுமதிப்பதில்லை. எழுதிய வரிசையில்தான் உறுப்புகள் நினைவகத்தில் நிற்கவேண்டும். முதல் உறுப்புக்கு முன்னால் வெற்றிடம் கூடாது. நடுவிலும் கடைசியிலும் எவ்வளவு விடுவது என்பது அந்தந்தக் கணினிக்குரிய ஏற்பாடு. ரஸ்ட் மொழியில் நிலைமை தலைகீழ்: கேட்டுக்கொண்டால் ஒழிய அங்கே வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது, கம்பைலர் தன் வசதிக்கு அடுக்கிக்கொள்ளும். சி நிரலாளருக்கு வரிசையின் மீது முழு அதிகாரம் உண்டு. அதனால் பொறுப்பும் அவருடையதே.

அந்த அதிகாரத்தை நன்றாகப் பயன்படுத்தியதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் குடும்பக் கணினிகள் பயன்படுத்தும் எல்ஃப் கோப்பு வடிவத்தில் இருக்கிறது. நிரலில் லிங்கருக்குத் தேவையான ஒவ்வொரு பெயருக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. 32 பிட் வடிவத்தில் அதன் வரிசை: பெயர், மதிப்பு, அளவு, பிறகு ஒரு பைட் தகவல்கள் இரண்டு, கடைசியில் இரண்டு பைட் எண். மொத்தம் 16 பைட், ஒரு பைட்கூட வீணில்லை. 64 பிட் வடிவம் வந்தபோது மதிப்பும் அளவும் எட்டு பைட் ஆகிவிட்டன. பழைய வரிசையையே வைத்திருந்தால் பெயருக்குப் பின்னால் நான்கு பைட், கடைசியில் நான்கு பைட் என்று வெற்றிடம் விழுந்து 32 பைட் ஆகியிருக்கும். வடிவமைத்தவர்கள் சின்ன உறுப்புகளை மேலே தூக்கிப் பெயருக்கு அடுத்து வைத்தார்கள். மதிப்பையும் அளவையும் கீழே இறக்கினார்கள். பதிவு 24 பைட்டில் கச்சிதமாக அடங்கிவிட்டது. வெற்றிடம் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் பேக்கிங் என்ற பேச்சே தேவைப்படவில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பது எந்தக் காலத்தில், எந்த ப்ராசஸரில் என்பதைப் பொறுத்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியது பிடிபி-11 என்ற கணினியில். அதில் ஒற்றைப்படை முகவரியிலிருந்து இரண்டு பைட் சொல்லை எடுக்க முயன்றால் ப்ராசஸர் மறுத்து, நிரலை நிறுத்திவிடும். 1973-இல் யூனிக்ஸ் கெர்னலைச் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். ஸ்ட்ரக்சர் வந்த பிறகுதான் அது கைகூடியது. ஸ்ட்ரக்சரும் அலைன்மென்ட்டும் அன்றிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. மோட்டரோலா 68000-மும் இப்படித்தான் கறாராக இருந்தது. அந்த ப்ராசஸர் வைத்த அட்டாரி எஸ்டி கணினியில் இந்தப் பிழைக்குத் திரையில் மூன்று வெடிகுண்டுப் படங்கள் வரும். அமிகா கணினியின் புகழ்பெற்ற ‘குரு மெடிட்டேஷன்’ செய்தியில் 3 என்ற எண்ணுக்குப் பொருளும் இதுவே.

நிறுத்திவிடுகிற ப்ராசஸர் நல்ல ப்ராசஸர் என்பேன். பழைய ஆர்ம் சிப்கள் செய்தது அதைவிட மோசம். முகவரி 0 முதல் 4 வரை 11, 22, 33, 44, 55 என்று ஐந்து பைட்டுகள் இருப்பதாக வையுங்கள். முகவரி 1-இலிருந்து நான்கு பைட் கேட்டால் 22, 33, 44, 55 வரவேண்டும். அந்தச் சிப்கள் 0-இல் தொடங்கும் கட்டை எடுத்து, அதையே சுழற்றி, 22, 33, 44, 11 என்று தந்துவிடும். நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது. நான்கில் மூன்று பைட் சரியாக இருக்கும் ஒரு தவறான எண் கணக்கில் கலந்துவிடும். ஆர்ம் கட்டமைப்பின் ஆறாம் பதிப்பிலிருந்து இந்த நிலை மாறியது. ஆனால் அந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய சிப்களான கார்டெக்ஸ்-எம்0 வகையில் அலைன்மென்ட் தவறினால் இன்றும் ‘ஹார்ட் ஃபால்ட்’தான். மாணவர்கள் கையில் தாராளமாகப் புழங்கும் ராஸ்பெர்ரி பை பைக்கோ, 2021-இல் வந்தபோது, இந்த வகைச் சிப்பைத்தான் சுமந்து வந்தது.

இன்டெலின் எக்ஸ்86 குடும்பம் மட்டும் தொடக்கத்திலிருந்தே பொறுத்துக்கொண்டது. எந்த முகவரியிலிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தாமதமானாலும் விடை சரியாக வரும். இன்றைய சிப்களில், 64 பைட் கேஷ் வரிசைக்குள் அடங்கிவிட்டால் அந்தத் தாமதம்கூட ஏறக்குறைய இல்லை. இரண்டு வரிசைகளுக்குக் குறுக்கே விழுந்தால்தான் செலவு. மேசைக் கணினியில் மட்டுமே நிரல் எழுதிப் பழகிய தலைமுறைக்கு அலைன்மென்ட் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

இப்போது பேக்கிங்குக்கு வருவோம். வெற்றிடமே விடாதே என்று கம்பைலரிடம் சொல்ல இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் தொடங்கி இப்போது ஜிசிசி, கிளாங் இரண்டும் ஏற்கும் ‘பிராக்மா பேக்’ ஒன்று. ஜிசிசி வழியில் ஸ்ட்ரக்சரின் மீதே எழுதும் ‘பேக்ட்’ என்ற பண்பு மற்றொன்று. பிராக்மாவோடு ஓர் எண்ணும் தரவேண்டும். 1 என்றால் எந்த உறுப்புக்கும் ஒரு பைட் அலைன்மென்ட் போதும், ஆகவே வெற்றிடமே இல்லை. 2 என்றால் எதற்கும் இரண்டுக்கு மேல் வேண்டாம். பிஎம்பியின் 14 பைட் தலைப்புக்கு 2-ஏ போதுமானது, ஏனென்றால் அதன் உறுப்புகள் எல்லாமே இரட்டைப்படை இடங்களில்தான் தொடங்குகின்றன. விண்டோஸின் சொந்த ஹெடர் கோப்புகளும் இந்த ஸ்ட்ரக்சருக்கு முன்னால் பேக்கிங்கை 2 ஆக்கி, பின்னால் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகின்றன. தேவையான அளவுக்கு மட்டும் இறங்கி வருவது நல்ல வழக்கம். பலரும் யோசிக்காமல் 1 போட்டுவிடுகிறார்கள்.

பழைய நிலைக்குத் திருப்புவதை மறப்பது இந்தத் துறையின் மிகக் கொடிய பிழைகளில் ஒன்று. ஒரு ஹெடர் கோப்பில் பேக்கிங்கை 1 ஆக்கிவிட்டுத் திருப்பாமல் விட்டால், அதற்குப் பின்னால் சேர்க்கப்படும் எல்லா ஹெடர்களிலும் உள்ள ஸ்ட்ரக்சர்கள் ஓசையில்லாமல் சுருங்கிவிடும். இன்னொரு மூலக் கோப்பு அதே ஹெடர்களை வேறு வரிசையில் சேர்த்திருக்கும். அங்கே அவை சுருங்கியிருக்காது. ஒரே பெயர், ஒரே அறிவிப்பு, இரண்டு அமைப்புகள். கம்பைலருக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் தெரியும். சி மொழியில் லிங்கருக்கு ஸ்ட்ரக்சர் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு பக்கம் எழுதிய எண்ணை மறுபக்கம் நான்கு பைட் தள்ளிப் படிக்கும். மூலக் குறியீட்டை எத்தனை முறை வாசித்தாலும் பிழை கண்ணில் படாது. ஆகவே, திருப்பும் வரியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நடுவில் ஸ்ட்ரக்சரை எழுதுங்கள்.

இரண்டாவது ஆபத்து பாயின்டரில் இருக்கிறது. பேக் செய்த ஸ்ட்ரக்சரின் உறுப்பை ஸ்ட்ரக்சர் வழியாகவே தொடும்வரை கம்பைலருக்கு உண்மை தெரியும். கறாரான சிப்பாக இருந்தால் ஒவ்வொரு பைட்டாக எடுத்து ஒட்டும் குறியீட்டை அதுவே உருவாக்கிவிடும். அந்த உறுப்பின் முகவரியை எடுத்துச் சாதாரண இன்ட் பாயின்டரில் போட்டு வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், அங்கே அந்தச் செய்தி தொலைந்துவிடுகிறது. இன்ட் பாயின்டர் என்றால் நான்கின் மடங்கு என்று நம்பும் உரிமை கம்பைலருக்கு உண்டு. அந்த நம்பிக்கையில் அது குறியீட்டை எழுதுகிறது. கார்டெக்ஸ்-எம்4-இல் தனித்தனி எண்களை எடுக்கும்போது எதுவும் ஆகாது. ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் கம்பைலர் அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒரே கட்டளையில் எடுக்க முனையும், அந்தக் கட்டளை அலைன்மென்ட் தவறினால் விழுந்துவிடும். நேற்று வரை ஓடிய நிரல், கம்பைலர் கொடி ஒன்று மாறியதும் நிற்கும். பொறுமைசாலியான எக்ஸ்86-லும் இது நடக்கும்: லூப்பை எஸ்எஸ்இ கட்டளைகளாக மாற்றும்போது, 16-இன் மடங்கான முகவரி மட்டுமே ஏற்கும் கட்டளைகளை கம்பைலர் பயன்படுத்தக்கூடும். எக்ஸ்86-இல் எல்லாம் செல்லும் என்று நம்பி எழுதியவர்களுக்கு இது பேரிடி. ஜிசிசி தன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து, பேக் செய்த உறுப்பின் முகவரியை எடுத்தாலே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் பேக்கிங் தேவைப்படும் இடங்கள் உண்டு. லினக்ஸின் ஈபோல் வசதியில் கெர்னலும் நிரலும் கைமாற்றிக்கொள்ளும் ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது: நான்கு பைட்டில் நிகழ்வுகள், எட்டு பைட்டில் தரவு. 32 பிட் எக்ஸ்86 லினக்ஸில் எட்டு பைட் எண்ணுக்கும் ஸ்ட்ரக்சருக்குள் நான்கு பைட் அலைன்மென்ட்தான். ஆகவே 12 பைட். 64 பிட்டுக்கு மாறியதும் இயல்பாக அது 16 ஆகிவிடும். பழைய 32 பிட் நிரல்கள் 64 பிட் கெர்னலின் மேல் ஓடும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, 64 பிட் எக்ஸ்86-இல் மட்டும் அந்த ஸ்ட்ரக்சரை பேக் செய்து 12-இலேயே நிறுத்தினார்கள். 64 பிட் ஆர்மில் அதே ஸ்ட்ரக்சர் இன்றும் 16 பைட். ஒரு முறை வெளியுலகத்துக்குக் கொடுத்துவிட்ட அமைப்பைப் பிறகு மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. புதிய இடைமுகங்களை எழுதுவோருக்கு லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள் தரும் அறிவுரையும் இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்: எல்லா உறுப்புகளையும் இயல்பான அலைன்மென்ட்டில் வையுங்கள், வெற்றிடம் விழும் இடத்தில் நீங்களே பெயர் கொடுத்து ஓர் உறுப்பை அறிவித்துவிடுங்கள்.

நெட்வொர்க்கிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஐபி தலைப்பில் ஒவ்வொரு உறுப்பும் தன் இயல்பான மடங்கில்தான் நிற்கிறது. அனுப்புபவர் முகவரி 12-ஆம் பைட்டிலும் பெறுபவர் முகவரி 16-ஆம் பைட்டிலும் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் வரும் ஈதர்நெட் தலைப்பு 14 பைட். நான்கின் மடங்கில் வந்து இறங்கும் பாக்கெட்டில் ஐபி தலைப்பு இரண்டு பைட் தள்ளி நின்றுவிடும், அதன் முகவரிகள் எல்லாம் தவறான மடங்கில் விழும். லினக்ஸ் இதற்குக் கண்ட தீர்வு அழகானது. பாக்கெட் வந்து விழும் இடத்தின் தொடக்கத்திலேயே இரண்டு பைட்டைக் காலியாக விட்டுவிடுகிறது. இரண்டும் பதினான்கும் பதினாறு. ஐபி தலைப்பு சரியான இடத்தில் வந்து நிற்கிறது. எக்ஸ்86-இல் அந்தத் தேவை இல்லாததால் அங்கே இந்த எண்ணை 0 ஆக்கியிருக்கிறார்கள்.

வெற்று பைட்டுகளுக்குள் என்ன இருக்கும் என்ற கேள்விக்கும் பதில் தெரிந்திருக்கவேண்டும். எதுவும் இருக்கலாம். உறுப்புகள் எல்லாவற்றுக்கும் மதிப்புக் கொடுத்துவிட்டாலும் இடைவெளிகளில் பழைய நினைவக மிச்சங்கள் அப்படியே கிடக்கலாம். ஆகவே இரண்டு ஸ்ட்ரக்சர்கள் ஒன்றா என்று ‘மெம்கம்ப்’ கொண்டு ஒப்பிடுவது தவறு. உறுப்புகள் எல்லாம் ஒத்திருந்தும் வெற்றிடங்கள் வேறுபட்டு ‘இல்லை’ என்று விடை வரலாம். இதைவிடத் தீவிரமானது பாதுகாப்பு. கெர்னல் தன் ஸ்டேக்கில் உருவாக்கிய ஸ்ட்ரக்சரை முழுதாகப் பயனர் நிரலுக்கு நகலெடுத்துக் கொடுக்கும்போது, வெற்றிடத்தில் கிடந்த கெர்னல் ரகசியங்களும் சேர்ந்தே வெளியே போய்விடும். இந்த வகைக் கசிவுகள் லினக்ஸ் கெர்னலில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கின்றன. பெயர் வைத்து அறிவித்த வெற்றிடத்தைச் சுழியமாக்க எவருக்கும் நினைவு வரும். கண்ணுக்குத் தெரியாததை யார் சுழியமாக்குவார்?

நெருக்குவதற்கு நேர் எதிராக, வேண்டுமென்றே விலக்கி வைக்கவேண்டிய தருணங்களும் உண்டு. இரண்டு த்ரெட்கள் தனித்தனியே கூட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எண்கள் ஒரே கேஷ் வரிசையில் அடுத்தடுத்து இருந்தால், ஒன்று எழுதும்போதெல்லாம் மற்ற கோரின் நகல் செல்லாததாகிவிடும். அந்த வரிசை இரண்டு கோர்களுக்கும் நடுவே ஓயாமல் அலையும். எண்களைப் பகிர்ந்துகொள்ளாமலே பகிர்வின் செலவைக் கட்டுகிறோம். 2011 தரநிலையில் சேர்ந்த ‘அலைன்ஆஸ்’ கொண்டு ஒவ்வொன்றையும் 64-இன் மடங்கில் நிறுத்தினால் தீர்ந்தது. ஆப்பிள் எம்1 போன்ற சிப்களில் கேஷ் வரிசை 128 பைட் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆக, நினைவகத்துக்குள் வாழும் ஸ்ட்ரக்சரை பேக் செய்யாதீர்கள். பெரிய உறுப்பை முதலில், சிறியதைக் கடைசியில் வைத்தாலே பெரும்பாலும் போதும். அமைப்பை நேரில் பார்க்க ஆர்னால்டோ கர்வாலோ டி மெலோ எழுதிய ‘பாஹோல்’ என்ற கருவி இருக்கிறது. டீபக் தகவலோடு கம்பைல் செய்த நிரலைக் கொடுத்தால், எந்த உறுப்புக்குப் பின்னால் எத்தனை பைட் ஓட்டை என்று வரி வரியாகக் காட்டும். வெளியுலகத்தோடு ஒப்பந்தமான அமைப்பு என்றால் சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் இரண்டையும் ‘ஸ்டாட்டிக் அசெர்ட்’டுக்குள் வைத்து எழுதுங்கள், அமைப்பு பிசகினால் கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும்.

கோப்பையும் நெட்வொர்க்கையும் படிக்க பேக்கிங்கைவிட நல்ல வழி, ஸ்ட்ரக்சரைக் கோப்பின் மேல் கவிழ்க்காமல் இருப்பதுதான். பேக் செய்தால் வெற்றிடம் போகும். எண்ணின் சிறிய பகுதி முதலா, பெரிய பகுதி முதலா என்ற சிக்கல் போகாது. பைட் பஃபரில் படித்துக்கொண்டு, நான்கு பைட்டுகளையும் தனித்தனியே எடுத்து, 8, 16, 24 பிட் நகர்த்தி, ஒன்றாகச் சேர்த்துத் தரும் நான்கு வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகிவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். ஆப்டிமைசேஷன் போட்டு, கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைப் பாருங்கள். எக்ஸ்86-இல் இன்றைய ஜிசிசியும் கிளாங்கும் அந்த நான்கு வரிகளின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு ஒரே ஒரு ‘மூவ்’ கட்டளையாக மாற்றிவிடுகின்றன. கார்டெக்ஸ்-எம்0-க்குக் கம்பைல் செய்தால் அதே வரிகள் நான்கு தனி பைட் எடுப்புகளாக வருகின்றன, ஏனென்றால் அந்தச் சிப்புக்கு அதுதான் சரி.